இன்னும் ஒரு அரைச்சுத்து

எங்கள் கட்டடத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். எந்த வீட்டில் எந்த சுவிட்சுக்குப் பின்னால் எந்தக் கம்பி போகிறது என்று முழுதாகத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. குடியிருப்போர் சங்கத்துப் பதிவேட்டில் அதை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ஆனால் படிக்கட்டில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எங்களுக்கு அவர் அரைச்சுத்து. சின்னப் பிள்ளைகளுக்கு அரைச்சுத்து தாத்தா, எனக்கு அரைச்சுத்து அண்ணன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் இந்தச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருஷமாகச் செயலாளர். எல்லோரும் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், வேறு எவரும் முன்வரவில்லை. கோர்ட்டில் முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். ஊரான் வீட்டுச் சண்டையை எல்லாம் அடித்து அடித்து எனக்கு வாய் நீளமாகிவிட்டது. தொட்டி நிரம்பி வழிந்தாலும் நான்தான் கத்த வேண்டும், மூன்றாம் மாடிக்காரர் குப்பையைப் படியில் வைத்தாலும் நான்தான் கத்த வேண்டும். இவ்வளவு கத்துகிற வாய், கட்டாயம் பேசியிருக்க வேண்டிய ஒரு வாரத்தில் சும்மா இருந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலில் அவரைச் சொல்ல வேண்டும்.

அவர் இந்தக் கட்டடத்தோடு வந்தவர். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், சுவர் பூசிக்கொண்டிருந்த சமயம், வயரிங் எடுத்த மேஸ்திரியின் ஆட்களில் ஒருவராக வந்தார். அப்போது செம்புக் கம்பி கிடைப்பது குதிரைக் கொம்பு. கட்டியவர்கள் அலுமினியக் கம்பியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சுவருக்குள் பதித்த குழாய்களில் அந்த வெள்ளைக் கம்பியைக் கோத்து இழுத்த கைகளில் அவர் கையும் ஒன்று. வேலை முடிந்ததும் மற்றவர்கள் போய்விட்டார்கள். தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது இவர் மட்டும் தங்கினார். கீழ்த்தளத்தில் மோட்டார் அறையை ஒட்டி ஒரே ஓர் அறை. கல்யாணம் ஆகி அங்கேதான் குடித்தனம் வைத்தார், மகளும் அங்கேதான் வளர்ந்தாள். அவளுக்கு ஏழு வயதாகும்போது மனைவியை அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது தனியாகத்தான் வந்தார்.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதை இதுதான். கட்டடம் முடிந்த மூன்றாம் வருஷம் முதல் மாடியில் ஒரு சுவிட்ச் போர்டு பொறி பறந்து கருகிப்போனது. உள்ளே ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. பழைய மேஸ்திரியை வரவழைத்தார்கள். அந்த மனுஷன் அத்தனை பேர் முன்னாலும் இவரை நிற்க வைத்து, "கனெக்‌ஷன் லூஸா இருந்தா அது கனெக்‌ஷன் இல்லடா, கொள்ளிக்கட்ட! ஒழுங்கா முறுக்கத் தெரியாதா உனக்கு?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாராம். அது இவர் மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. அந்த வருஷத்திலிருந்து, மழைக்காலத்துக்கு முன்னால், தளத்துக்கு ஒரு ஞாயிறு என்று நான்கு ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு போர்டையும் திறந்து ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முறுக்குவார்.

அந்த ஞாயிறுகள் எங்கள் கட்டடத்துக்கு மட்டுமே உரிய ஒரு சடங்கு மாதிரி. காலை எட்டு மணிக்கு மெயினை இறக்கிவிடுவார். தானே இறக்கியிருந்தாலும் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் எதையும் தொட மாட்டார். மின்விசிறி இல்லாமல் உள்ளே உட்கார முடியாது என்பதால் அந்தத் தளத்துக்காரர்கள் எல்லோரும் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிடுவோம். சீட்டு, வம்பு, சிரிப்பு. உள்ளே அவர் ஸ்டூலில் ஏறி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஸ்க்ரூ இறுகும்வரை திருப்புவார். இறுகிய பிறகு தனக்குத்தானே, "இன்னும் ஒரு அரைச்சுத்து" என்பார். அது படிக்கட்டு வரைக்கும் கேட்கும். படியில் இருக்கிற பிள்ளைகள் கோரஸாக, "இன்னும் ஒரு அரைச்சுத்து!" என்று திருப்பிச் சொல்லும்.

மூன்றாம் மாடிக்காரர் ரிட்டயர்டு ஆன ஆள், பொழுது போகாது. "டீ குடுத்தா டம்ளரையும் ஒரு அரைச்சுத்து முறுக்கிட்டுத்தான் கீழ வைப்பாரு" என்பார். இவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, "பையன் எப்படி அண்ணே?" என்று கேட்டேன். "லூஸ் இல்ல. நல்லா விசாரிச்சுட்டேன்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மகள் நர்ஸ். கெட்டிக்காரி, எதிர்த்துப் பேசுவாள், ஆனால் மனசு வெல்லம். மாப்பிள்ளை சரக்கு லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் நாலு நாள் வெளியூர். தனியாக இருக்கிற பெண் அப்பா கண் பார்வையில் இருக்கட்டும் என்று இதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் வீடு பார்த்துக் குடிவைத்தார்கள். அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. "நான் கை வெச்ச வீடு செக்ரட்டரியம்மா, கண்ண மூடிட்டுத் தூங்கலாம்" என்று என்னிடமே நாலு தடவை சொன்னார். பெற்ற மனசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போதவில்லை. மற்ற நாற்பத்தேழு வீட்டுக்கும் ஒரு முறை என்றால் மகள் வீட்டுக்கு மூன்று முறை. ஏசி வாங்கி மாட்டிய பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் படுக்கையறை போர்டைத் திறந்துவிடுவார். அவள், "அப்பா, அது போர்டா இல்ல ஆடற பல்லா? எத்தன தடவ பாப்பீங்க?" என்று திட்டுவாள். அவர் முறுக்கிவிட்டுத்தான் இறங்குவார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். இரவு டியூட்டி முடிந்து, சீருடையைக்கூட மாற்றவில்லை.

"அத்தை, ஒரு விஷயம். ஆனா அப்பாகிட்ட சொல்லக் கூடாது."

"என்னடி, உண்டாயிருக்கியா?"

"ஐயோ, உங்களுக்கு வேற நெனப்பே கெடையாதா? எங்க பெட்ரூம் போர்டுல ஒரு வாடை வருது அத்தை. பிளாஸ்டிக் கருகுற மாதிரி. ஏசி போட்டா லைட்டு மினுக் மினுக்குங்குது. கை வெச்சுப் பாத்தேன், சூடா இருக்கு."

"அதுக்கு எங்கிட்ட எதுக்கு வந்த? உங்கப்பாவ கூப்பிட வேண்டியதுதானே?"

"அதான் வேணாங்கறேன். போன வாரம் எங்க வீட்ல ஸ்டூல்லேர்ந்து எறங்கறப்ப அவருக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு. அஞ்சு நிமிஷம் செவத்தப் பிடிச்சுட்டு அப்படியே நின்னாரு. அது முட்டிதான்னு நான் கண்டுபிடிச்சது அவருக்குத் தெரியாது. 'என்னப்பா'ன்னா, 'சும்மா யோசிச்சிட்டிருந்தேன்'ங்கறாரு. இப்ப வாடை வருதுன்னு தெரிஞ்சா ராவும் பகலும் ஏறி எறங்குவாரு. நீங்க வெளியிலேர்ந்து வேற ஒரு ஆள வரச் சொல்லுங்க. மத்தியானம் அவரு தூங்குற நேரமா பாத்து வந்துட்டுப் போகட்டும். வேற ஆளு கை வெச்சான்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சிரும்."

நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். "சரி சரி, பாக்கறேன். உங்கப்பா கை வெச்ச வீட்ல என்னடி ஆயிடப் போகுது? ரெண்டு நாளைக்கு ஏசிய மட்டும் போடாம இரு."

"தேங்க்ஸ் அத்தை" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. மறதி என்று சொன்னால் அது பொய். எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தப் பழைய மேஸ்திரிக்குப் பிறகு வேறு எலக்ட்ரீஷியன் யாரும் இந்தக் கட்டடத்துப் படியேறியதில்லை. நான் ஒருத்தனைக் கூட்டிவந்து, அது அவருக்குத் தெரிந்து, 'நீங்களுமா செக்ரட்டரியம்மா' என்று அவர் பார்த்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? செவ்வாய்க்கிழமை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். புதன்கிழமை தொட்டி கழுவ ஆள் வந்தது. வியாழக்கிழமை ஓர் எலக்ட்ரீஷியனின் நம்பரைத் தேடி எடுத்துக் காலண்டரில் எழுதி வைத்தேன். எழுதி மட்டும் வைத்தேன். அந்த அறைக்குப் போகிற கரன்டை நிறுத்திவிடு, போர்டைத் தொடாதே, அங்கே படுக்காதே என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அவ்வளவு தெரியாது என்று சொல்லிக்கொள்கிறேன். சூடாக இருக்கிறது என்று ஒருத்தி சொல்லும்போது தெரிவதற்கு என்ன இருக்கிறது?

ரெண்டு நாள் என்று நான் சொன்னேன். அவள் மூன்று நாள் பொறுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை நல்ல வெயில். டியூட்டி முடிந்து காலை ஒன்பது மணிக்கு வந்தவள் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள்.

பத்தரை மணிக்கு எதிர் வரிசைக்காரர்கள் புகை புகை என்று கத்தினார்கள். அவர் மோட்டார் அறையிலிருந்து ஓடிவந்து நிமிர்ந்து பார்த்தார். எந்த ஜன்னல் என்று தெரிந்த அந்த நொடியிலும் முதலில் போய் மெயினை இறக்கினார், பிறகுதான் படியேறினார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு இரண்டு மாடியையும் எப்படி ஏறினார் என்று எனக்குத் தெரியவில்லை, என்னைத் தள்ளிவிட்டு ஏறினார். கதவை உடைத்தார்கள். போர்டை ஒட்டி நின்ற துணி அலமாரிதான் எரிந்தது. படுக்கையில் நெருப்பே படவில்லை. புகைதான். அவள் தூக்கத்தில் புரண்டுகூடப் படுத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். அது எங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார்.

பத்து நாள் அவர் வெளியே வரவில்லை. பதினோராம் நாள் காலையில் ஸ்க்ரூ டிரைவரோடு என் வாசலில் நின்றார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"எங்கியோ ஒண்ண சரியா முறுக்காம விட்டிருக்கேன் செக்ரட்டரியம்மா. லூஸா இருந்திருக்கு. எம்புத்தி பாருங்க, அவ வீட்லயே விட்டிருக்கேன். இனிமே ஞாயித்துக்கெழமைக்கெல்லாம் காத்திருக்க முடியாது. தெனமும் நாலு வீடு பாக்கறேன். இனி அரைச்சுத்து இல்ல, முழுச்சுத்து."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பாருங்க அண்ணே" என்று முதல் ஆளாக என் வீட்டைத்தான் திறந்துவிட்டேன்.

அந்த வாரமே மின் ஆய்வுத் துறையிலிருந்து ஓர் என்ஜினியர் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். எரிந்த வீட்டில் அரை நாள் இருந்தாள். பிறகு என் வீட்டுப் போர்டையும், இன்னும் இரண்டு வீட்டுப் போர்டையும் திறந்து பார்த்தாள். அப்புறம் என் சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தை விரித்து, அதன்மேல் விரல் நீளத்துக் கம்பித் துண்டுகள் நாலைந்தை வைத்தாள். மாப்பிள்ளையும் இருந்தார். தாடியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இத யாரு வருஷா வருஷம் முறுக்கினது?" என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே பேசினாள். "அலுமினியம் மெத்துன்னு இருக்கும்மா. கரன்ட் போறப்ப சூடாகி வீங்கும். மேல ஸ்க்ரூ அழுத்திட்டிருக்கறதால வீங்க எடமில்லாம பக்கத்துல பிதுங்கும். ஆறினதும் சுருங்கும். அப்ப எடவெளி விழுந்து, தொட்டா லூஸான மாதிரி தெரியும். அக்கறையான ஆளு என்ன பண்ணுவாரு? முறுக்குவாரு. மறுபடியும் பிதுங்கும். இப்படியே முறுக்கி முறுக்கி, பாருங்க, கம்பி தகடாவே ஆயிடுச்சு. மேல வெள்ளையா பூத்திருக்குல்ல? அது காத்து பட்டு வர்றது, கரன்ட விடாது. போற வழி குறுகக் குறுக அந்த ஒரே எடத்துல சூடு ஏறிட்டே போகும்."

"அப்ப ஃபியூஸ் எதுக்கு இருக்கு? அது போயிருக்க வேணாமா?" என்று நான் அவள்மேல் பாய்ந்தேன். யார்மேலாவது பாய வேண்டியிருந்தது.

"கரன்ட் அளவுக்கு மேல போனாத்தான் ஃபியூஸ் போகும்மா. இங்க எப்பவும் போற அளவுதான் போச்சு. ஒரு ஸ்க்ரூக்கு அடியில கொதிக்கறது ஃபியூஸுக்குத் தெரியாது. மனுஷங்க மூக்குக்கும் கைக்கும்தான் தெரியும்."

"முறுக்காம விட்டிருந்தா?" மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"கம்பி பழசு சார், அப்பவும் என்னிக்காவது தொல்லை குடுத்திருக்கும். ஆனா இவ்வளவு சீக்கிரம் இல்ல. மத்த வீட்ட விட உங்க வீட்ல மட்டும் ரொம்ப மெலிஞ்சிருக்கு. அது ஏன்னுதான் எனக்குப் புரியல."

எங்கள் இருவருக்கும் புரிந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அவள் போவதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, இனி ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரும் முறுக்கக் கூடாது, முறுக்கினால் நாளைக்கே இன்னொரு வீடு. இரண்டு, எல்லா வீட்டிலும் கம்பி முனைகளை வெட்டி முறையாகச் செய்ய வேண்டும். ஆனால் பாதி இணைப்புகள் பூச்சுக்குள் மூடிக் கிடக்கின்றன, வரைபடமும் இல்லை, எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிந்த ஆள் வேண்டும்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "மாமாகிட்ட சொல்லாதீங்க அத்தை. அந்த மனுஷன் ஏற்கெனவே செத்துட்டாரு. திருப்பி எதுக்குக் கொல்லணும்?"

சொன்னால் ஓர் உயிர், சொல்லாவிட்டால் நாற்பத்தேழு வீடு. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விஷயம் எப்படியோ கசிந்து படிக்கட்டுக்கு வந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அடுத்த நாள் மூன்றாம் மாடிக்காரர், "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஆரம்பித்தார். "அந்த அமிர்தத்தத்தான் நாப்பது வருஷமா ஓசில குடிச்சீங்க, வாய மூடிட்டு மேல போங்க" என்றேன். அதற்குள் இவர் கீழ்த்தளத்தை முடித்து முதல் மாடிக்கு வந்திருந்தார்.

நான் போனபோது ஸ்டூலில் நின்றுகொண்டிருந்தார். "அண்ணே, எறங்குங்க" என்றேன். "ரெண்டு ஸ்க்ரூதான்" என்றார். "எறங்குங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன். என் குரலைக் கேட்டு இறங்கினார். அந்த வீட்டுக்காரர்களை வெளியே போகச் சொன்னேன். கோர்ட்டில் தீர்ப்பை டைப் அடிக்கிற மாதிரி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கம்பித் துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

கட்டைவிரலால் அதைத் தடவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதாவது மறுத்துப் பேசுவார், அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்பார் என்று எதிர்பார்த்தேன். பேசட்டும் என்றுகூட இருந்தது.

"ஆமா" என்றார். "முனை தகடாயிருக்கு. ஸ்க்ரூ தலை அச்சு அப்படியே விழுந்திருக்கு. எங்கைதான்."

"நீங்க வேணும்னேவா பண்ணீங்க?"

அதை அவர் காதில் வாங்கவே இல்லை. "இது ஒரே நாள்ல ஆகறதில்ல செக்ரட்டரியம்மா. ஒரு வாரமாவது கருகியிருக்கும். வாடை வந்திருக்கும். அவ நர்ஸு, மருந்த மோந்தே பேரு சொல்லுவா, அவளுக்குத் தெரியாம இருந்திருக்காது. எங்கிட்ட ஏன் சொல்லல? கீழ இருக்கற அப்பன்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல? எம்மேல நம்பிக்க போயிடுச்சா?"

பதில் என் தொண்டைவரை வந்தது. அவள் சொன்னாள் அண்ணே, என்னிடம் வந்து சொன்னாள், உங்கள் முட்டியை நினைத்துத்தான் உங்களிடம் சொல்லவில்லை. இவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால், அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். அவர் பங்கை அப்படியே எடுத்து அவர் கையில் வைத்த நான், என் பங்கை மென்று விழுங்கினேன்.

அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை. என்ஜினியர் பெண்ணின் ஆட்களோடு மூன்று மாதம் வீடு வீடாகப் போனார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "இந்தச் செவத்துல, ஜன்னலுக்கு ஒரு சாண் மேல" என்று முகவாயால் காட்டுவார். அங்கே பூச்சை உடைத்தால் இணைப்புப் பெட்டி இருக்கும். ஒன்றுகூடத் தப்பவில்லை. நசுங்கிய முனைகளை வெட்டி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பித் துண்டு ஒரு பக்கம், பழைய அலுமினியம் மறுபக்கம் என்று சின்ன இணைப்பிகளை மாட்டினார்கள். செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று நேராகத் தொடக் கூடாதாம். உள்ளே வெள்ளை பூக்காமல் இருக்க ஒரு பசை. கம்பி ரொம்பக் கெட்டுப்போன இடங்களில் புதிதாகவே இழுத்தார்கள். அவர்களிடம் ஒரு தனி ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. வேண்டிய அளவு இறுகியதும் 'டக்' என்று சத்தம் கேட்கும், அதற்கு மேல் முறுக்காது.

முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் பக்கத்தில் போனார். "இதுக்கு மேல அரைச்சுத்து கூடப் போகாதாம்மா?"

"போகாதுங்க ஐயா. அதுவே நிறுத்திக்கும்."

"எனக்கு யாரும் இத குடுக்கலியே" என்றார். அந்த என்ஜினியர் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலை முடிந்த ஒவ்வொரு வீட்டிலும் ஆட்களை உட்காரவைத்துச் சொல்லுவார். "போர்டு சூடா இருந்தா, வாடை வந்தா, லைட்டு மினுக்கினா, மெயின எறக்கிட்டு ஆளக் கூப்பிடுங்க. நாளைக்குன்னு விடாதீங்க. நீங்களும் தொடாதீங்க, நானும் தொட மாட்டேன்." நாளைக்குன்னு விடாதீங்க என்று சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொள்வேன். படியிறங்கும்போது ஒவ்வொரு நாளும் என்னிடம் அதையே கேட்பார். "வாடை வந்திருக்கும்ல? எங்கிட்ட ஏன் சொல்லல?" ஒரு நாள், "அவ அம்மா போனப்ப நான் சரியா கவனிக்கலன்னு மனசுல வெச்சிருந்தாளோ?" என்றார். இன்னொரு நாள், "நான் பேச்ச விட்டுட்டு போர்டையே பாத்துட்டிருப்பேன்னு கோவமோ?" என்றார். இல்லாத குற்றத்தையெல்லாம் தேடித் தேடித் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று மாதம். என்னைப் போல ஒரு கல்நெஞ்சுக்காரி இருப்பாளா?

கடைசியாக அவள் வீடு. வெள்ளையடித்துக் காலியாகக் கிடந்தது. அவர் உள்ளே போகவில்லை. படியில் உட்கார்ந்து, உள்ளே ஆட்கள் கேட்கக் கேட்க இங்கிருந்தே இடத்தைச் சொன்னார். உள்ளேயிருந்து 'டக்', 'டக்' என்று கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் உடம்பு லேசாகத் தூக்கிப்போட்டது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அவ சொன்னா அண்ணே. எங்கிட்ட வந்து சொன்னா. திங்கக்கெழமை காலையில. நான் நாலு நாள் யாரையும் கூப்பிடல. வெள்ளிக்கெழமை வரைக்கும் கூப்பிடல."

மெதுவாகத் திரும்பினார். அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். ஸ்டூல், முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு அஞ்சு நிமிஷம், சும்மா யோசிச்சிட்டிருந்தேன் என்றது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் முட்டிக்காகவா?" என்றார். "எங்கிட்ட கோவம் இல்லியா? முட்டிக்காகவா சொல்லல?" மகள் போனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் படியில் உட்கார்ந்து, வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டு அழுதார். உள்ளே வேலை செய்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். நீங்கள் ஏன் கூப்பிடவில்லை என்ற கேள்விக்காக நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே போனார்.

இனி என் முகத்தில் விழிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினார். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

அதற்கு அடுத்த நாளும் வந்தார். இப்போது ஒரு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டுப் பார்த்துவிட்டார், போகவில்லை. தினமும் ஐந்து மணிக்கு வருகிறார். நானும் சொல்கிறேன். ஏதாவது ஒரு வார்த்தையை விட்டுவிட்டால் அவரே எடுத்துக் கொடுக்கிறார்.

நேற்றும் வந்தார். டீ கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன். அவள் சீருடையோடு வந்தது, அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றது, வாடை, மினுக்கல், முட்டி. "'மத்தியானம் அவரு தூங்குற நேரமா பாத்து வரச் சொல்லுங்க'ன்னா" என்றேன்.

"நான் மத்தியானம் தூங்கறதெல்லாம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அப்புறம்?" என்றார்.

அப்புறம் நான் அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் சொல்ல வேண்டும். சொன்னேன்.